விபத்துக்குப் பிறகு வரும் கோபம்

விபத்து நடந்து நாலைந்து மாதம் கழித்து என்னிடம் வருகிறவர்களில் பலர் விபத்தைப் பற்றிப் பேச வருவதில்லை. தூக்கம் இல்லை என்று வருவார்கள். நெஞ்சு படபடக்கிறது, இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாகிவிட்டது, நார்மல் என்கிறார்கள் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில வீடுகளில் மனைவி முதலில் தனியாக வருவார். "முன்னாடி இப்படி இல்லைங்க. இப்ப எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறார். பிள்ளை டம்ளரைக் கீழே போட்டா அடிக்கப் பாய்றார்." எப்போதிலிருந்து என்று கேட்டால், தைக்கு அப்புறம் என்பார், ஆடிக்கு அப்புறம் என்பார். அந்தச் சமயத்தில் வேறு ஏதாவது நடந்ததா என்று கேட்கும்போதுதான் போகிற போக்கில் வரும்: "ஆமா, அதுக்கு முந்தின மாசம் வண்டியில அடிபட்டார். ஆனா கால் நல்லா கூடிருச்சுங்க."

சேலத்தில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். இங்கிருந்து தருமபுரி போகும் வழியில்தான் தொப்பூர் கணவாய். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எவரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். மாநிலத்தின் கணக்கும் அப்படித்தான். 2022-இல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். உயிரோடு திரும்பியவர்களின் உடம்புக்கு ஏற்பாடு இருக்கிறது: 108 வருகிறது, 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. நல்ல திட்டம். ஆனால் மனதில் பட்ட அடி அந்த 48 மணி நேரத்தில் வெளியே தெரியாது. அது தெரிய ஆரம்பிக்கும்போது தையல் பிரித்திருக்கும், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள்.

முதல் சில வாரங்களில் கெட்ட கனவு வருவது, ஹாரன் சத்தத்துக்குத் துள்ளி எழுவது, சாப்பாடு இறங்காமல் இருப்பது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான். பெரும்பாலானவர்களுக்கு அது தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காமல், வேலையையும் வீட்டையும் பாதிக்கும்போதுதான் பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று யோசிக்க ஆரம்பிக்கிறோம். 1980-இல்தான் இந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களை ஒட்டி எழுந்த பேச்சு என்பதால், இது ராணுவத்துக்காரர்களுக்கு வருவது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். உண்மையில் வண்டி விபத்துக்கும் இதற்கும் உறவு பழையது. 1860-களிலேயே இங்கிலாந்தில் ரயில் விபத்தில் தப்பியவர்களுக்கு, வெளியே காயம் எதுவும் இல்லாமல் வரும் நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் பற்றி டாக்டர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர் தப்பினார். அங்கேயே நின்று அடிபட்டவர்களுக்கு உதவியும் செய்தார். அதன் பிறகு ரயில் ஏறினாலே திடீர் திடீரென்று பயம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு எழுதத் தெரிந்த மனிதருக்கே அப்படியென்றால் நம் சேல்ஸ் ரெப் எம்மாத்திரம்.

சேல்ஸ் ரெப் என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு மூன்று பேருடைய கதைகளைக் கலந்து, அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். முப்பதைத் தாண்டியவர், லாரி ஸ்பேர் பார்ட்ஸ் விற்பனை. ஒருநாள் தங்கை வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கில் போகிறார். பக்கவாட்டில் வந்த வேன் தட்டிவிடுகிறது. இவருக்குக் காலில் முறிவு. மச்சான் போய்விட்டார்.

அடுத்த ஆறு மாதங்களில் நடந்ததைப் பாருங்கள். முதலில் அந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனார். அப்புறம் அந்த ரோடே வேண்டாம் என்றார். பிறகு பைக்கே வேண்டாம், பஸ்ஸில் போகிறேன் என்றார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார முடியவில்லை, எதிரே வண்டி வருவது தெரிகிறது. கடைசியில் வேலையை விட்டார். இதெல்லாம் வெளியே தெரிந்த சுருக்கம். தெரியாத ஒன்றும் இருந்தது: தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. போன் வந்தால் எடுக்கவில்லை. "எங்க அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கலை, கல் நெஞ்சுக்காரன்" என்று தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கோ அந்த வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டிய போட்டோவையும், அதற்குக் கீழே விளையாடும் பிள்ளையையும் பார்த்தால் மூச்சு அடைத்தது. நான்தானே ஓட்டினேன், நான் இருக்கிறேன், அவன் இல்லையே என்ற எண்ணம். இருவருக்கும் துக்கம் ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தவிர்ப்பதுதான் இந்த நோயை உயிரோடு வைத்திருக்கிறது. ஆபத்தைக் கண்டு எச்சரிப்பது மூளையில் அமிக்டலா என்ற சின்னப் பகுதியின் வேலை. விபத்துக்குப் பிறகு டீசல் வாடை, பிரேக் கிரீச்சிடும் சத்தம், மழையில் நனைந்த தார் ரோட்டில் விழும் ஹெட்லைட் வெளிச்சம் என்று எது பட்டாலும் அது மணி அடிக்கிறது. நடந்தது முடிந்த கதையாக உள்ளே பதியவில்லை. அதனால் நினைவு வரும்போது பழைய சம்பவமாக வராது, இப்போது நடப்பதாகவே வரும். உடம்பு வியர்க்கும், கை நடுங்கும். அந்த இடத்தை விட்டு விலகினால் உடனே ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதல்தான் கந்து வட்டி. இன்றைக்குக் கை நிறையக் கிடைக்கும், நாளைக்கு இன்னொரு ரோட்டை, இன்னொரு மனிதரை வட்டியாகக் கேட்கும். விலகியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. விலகாமல் நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் அடுத்த அடி எங்கிருந்து விழும் என்று காத்திருக்கும் உடம்புக்கு, டம்ளர் விழும் சத்தம் வேன் மோதும் சத்தம்தான். குழந்தையை அடிக்கக் கை ஓங்கியவர் அடுத்த நிமிடமே பாத்ரூமில் போய் அழுதுகொண்டிருப்பார். அந்த அழுகை வீட்டுக்குத் தெரியாது. அதற்காக அடிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மனைவியிடம் சொல்வதில்லை. கை ஓங்கினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நோய் ஒரு காரணம், அது அனுமதிச் சீட்டு கிடையாது.

நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் தவிர்ப்புக்குத் துணை போகிறது. "அதை ஏன் நினைக்கிற, விடு." "அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, அவனுக்கு ஆகாது." அம்மா பைக்கை விற்றுவிடுகிறார். டிவியில் விபத்துச் செய்தி வந்தால் யாரோ ஓடி ரிமோட்டை எடுக்கிறார்கள். எல்லாம் பாசம்தான். அதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வது, தான் நினைத்த அளவுக்கு இது பயங்கரமானதுதான் என்பதை. இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. சம்பவம் நடந்த மறுநாளே ஆளைச் சுற்றி உட்கார்ந்து "எப்படி ஆச்சு, முதல்ல இருந்து சொல்லு" என்று கேட்டுக் கேட்டுப் பேச வைப்பது. உலகம் முழுக்க ஒரு காலத்தில் நிபுணர்களே இதைச் செய்தோம். அதிர்ச்சி நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைத்தால் நோய் வராது என்று நம்பினோம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் பயன் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் போயிருந்தது. முதல் நாட்களில் வேண்டியது பாதுகாப்பு, சூடாகச் சாப்பாடு, கூடவே படுக்க ஒரு ஆள். அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் விடுங்கள்.

மந்திரிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பதால். பயந்த கோளாறு என்று கோவிலில் வேப்பிலை அடித்துக்கொண்டோ, தர்காவில் ஓதிக்கொண்டோதான் என்னிடம் பாதிப் பேர் வருகிறார்கள். நான் அதைக் கிண்டல் செய்வதில்லை. பயந்திருக்கிறான் என்று ஊரார் முன்னால் ஒப்புக்கொள்ள நம் ஆண்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் சில சமயம் அதுதான். தாயத்து கையில் இருக்கட்டும், ஆனால் அதை நம்பி ஒரு வருஷம் போகக் கூடாது. அதைவிட எனக்குக் கவலை தருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, தூங்குவதற்காக ஆரம்பிக்கும் குவார்ட்டர். இன்னொன்று, சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கும் அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள். அந்த வகை மாத்திரை இரண்டு நாள் தூங்க வைக்கும், பழக்கமும் ஆக்கிவிடும். பி.டி.எஸ்.டி.யை அது குணமாக்காது. மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு செர்ட்ரலின் போன்றவற்றை மனநல மருத்துவர் எழுதிக் கொடுப்பார், அவை வேறு வகை.

அப்படியானால் சிகிச்சை என்ன? தவிர்த்த இடத்துக்கெல்லாம், ஒழுங்கு வைத்து, மெதுவாகத் திரும்பப் போவது. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வகுத்துக்கொடுத்த முறை இது. அவரைப் போல நானும் முதலில் ஒரு பட்டியல் போட வைப்பேன். எது எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை மார்க். நம் சேல்ஸ்காரருக்கு, நிற்கிற பைக்கில் சாவி போடாமல் உட்காருவது 30. தெருவில் ஒரு சுற்று ஓட்டுவது 50. விபத்து நடந்த இடத்தின் வழியாகப் பகலில் பஸ்ஸில் போவது 70. நான் தங்கை வீட்டை எவ்வளவுக்குப் போடுவீர்கள் என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது நூறுக்கு மேல மேடம்."

ஆகவே 30-இல் ஆரம்பித்தோம். நிற்கிற பைக்கில் தினமும் அரை மணி, முக்கால் மணி. பயம் ஏறும், ஏறட்டும், அது இறங்கும் வரை பைக்கை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான் விதி. ஏறிய நேரத்தில் இறங்கி ஓடினால் பழைய கதைதான். கூட உட்கார்ந்திருக்க மனைவியை வரச் சொன்னேன், தைரியம் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும் என்று. என் ரூமில் இன்னொரு வேலை நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அன்று நடந்ததை, இப்போது நடப்பதுபோல, தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொல்வது. ஒருமுறை இல்லை, வாராவாரம் திரும்பத் திரும்ப. கேட்கக் கொடுமையாக இருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் வீட்டில் இதைச் செய்யக் கூடாது. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லும்போதுதான் துண்டு துண்டாகக் கிடந்தது ஒரு கதையாகச் சேர்கிறது. விட்டுப்போன பகுதிகள் வருகின்றன. வேன் எந்தப் பக்கம் வந்தது என்பதை அவர் முதல் சில வாரங்கள் சொல்லவே இல்லை. சொன்னபோது, தன்னால் திருப்பியிருக்கவே முடியாது என்பதை அவரே கண்டார். நான் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், எஃப்.ஐ.ஆரிலேயே இருந்தது. சொன்னால் ஏறாது.

கண் அசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் இருக்கிறது, 1980-களின் கடைசியில் ஃபிரான்சின் ஷாப்பிரோ கொண்டுவந்தது. அதற்கும் நல்ல பலன் உண்டு. எது கிடைக்கிறதோ, எவரிடம் பயிற்சி இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

தங்கையைப் பார்ப்பது கடைசியில் நடந்தது, அதுவும் அவர் வீட்டில் இல்லை, மாரியம்மன் கோவில் வாசலில். அவர் போட்ட பட்டியலில் அதற்கு 80. என்ன பேசுவது என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம், ஏன் வரவில்லை என்பதைச் சொல்லுங்கள் போதும் என்றேன். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. தங்கை திட்டினார். ஆனால் அடுத்த வாரம் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று போன் செய்தார், இவரும் எடுத்தார்.

கேஸ் நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் வாய்தா வாய்தாவாக இழுக்கும்போது ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் கனவுகள் கூடும். இதை வைத்து 'காசுக்காக நடிக்கிறான்' என்று சொந்தக்காரர்களே பேசுவதுண்டு. கேஸ் முடிந்தும் தூங்க முடியாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாய்தா வாரத்தில் பட்டியலில் புதிய படி ஏறாதீர்கள், பழைய படியிலேயே நில்லுங்கள்.

குழந்தைகள் இருந்த வண்டியாக இருந்தால் அவர்களையும் கவனியுங்கள். பொம்மை காரைத் திரும்பத் திரும்ப மோத விடுவது, விட்ட படுக்கை ஈரம் திரும்ப வருவது, அப்பா வெளியே கிளம்பினால் காலைக் கட்டிக்கொள்வது. தான் அழுததால்தான் அப்பா திரும்பிப் பார்த்தார், அதனால்தான் மோதியது என்று ஏதாவது ஒரு கணக்கை உள்ளே வைத்திருப்பார்கள். கேட்டால்தான் வெளியே வரும்.

தலையில் அடிபட்டிருந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல். மண்டை அதிர்ந்ததாலும் எரிச்சல், மறதி, தூக்கக் கேடு வரும். இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அதனால் வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள், அது இல்லாமல் பாதி நேரம் ஊகத்தில் போகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டு போட்டால் போதும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் ஒருமுறை காதில் விழுந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றைக்கே கூப்பிடுங்கள், ஆளைத் தனியாகவும் விடாதீர்கள்.