சுரங்கத்தை மூடியும் ஓடை ஏன் ஆரஞ்சு நிறத்தில்?

'நிலக்கரிச் சுரங்கத்தை மூடிப் பல வருடம் ஆகியும் பக்கத்து ஓடை ஏன் ஆரஞ்சு நிறத்திலேயே ஓடுகிறது?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மூடியதே ஒரு காரணம். வேலை நடக்கும்வரை உள்ளே ஊறும் நீரை பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். பம்பு நின்றதும் நீர்மட்டம் ஏறி, குடைந்த இடமெல்லாம் நிரம்பி, தாழ்ந்த வாய் வழியாக வெளியே வழியும்.

நிலக்கரியிலும் அதை ஒட்டிய பாறையிலும் பைரைட் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல் மினுங்கும் கனிமம். காற்றுப் படாதவரை சாது. ஆக்சிஜனும் நீரும் பட்டால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் வரும். சரி, இது பள்ளி வேதியியல்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். கரைந்து வரும் ஃபெர்ரஸ் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்தால் ஃபெர்ரிக் ஆகும். அது பைரைட்டை ஆக்சிஜனைவிட வேகமாகத் தாக்கும். 14 ஃபெர்ரிக் அயனிகள் ஒரு பைரைட் அலகைத் தாக்கினால் 15 ஃபெர்ரஸ் அயனிகள் கிடைக்கும். கூடவே 16 ஹைட்ரஜன் அயனிகள், அதாவது அமிலம். போட்டதும் திரும்பி வந்து, மேலே ஒன்றும் சேர்கிறது! இந்த 15-ஐயும் மறுபடி ஃபெர்ரிக் ஆக்கினால் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அமில நீரில் அந்த மாற்றம் படு மந்தம். நியாயமாக அங்கேயே எல்லாம் அடங்கியிருக்க வேண்டும்.

அடங்க விடாதது அசிடிதயோபாசில்லஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ் என்ற பாக்டீரியா. 1947-ல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரில் கண்டறியப்பட்டது. ஃபெர்ரஸிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் சேர்ப்பதுதான் அதன் பிழைப்பு. கிடைக்கும் ஆற்றல் சொற்பம் என்பதால் ஏராளமான இரும்பை மாற்றியாக வேண்டும். மாற்றம் பத்து லட்சம் மடங்கு வரை வேகம் பிடிக்கும். பிஎச் 2 அளவு அமிலத்தில் செழித்தாலும் அதன் செல்லின் உட்புறம் ஏறக்குறைய நடுநிலை. வெளியே நெருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே பாய்வதை வைத்தே, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைத் தயாரிக்கிறது. பாய்ந்து வந்தவற்றை, பறித்த எலக்ட்ரானோடும் ஆக்சிஜனோடும் சேர்த்துத் தண்ணீராக்கிவிடுகிறது. ஓடையைக் கெடுக்கும் உயிர் என்று தெரிந்தும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஓடையில் கலந்து அமிலம் நீர்த்ததும் ஃபெர்ரிக் கரைந்திருக்க முடியாமல் ஆரஞ்சுச் சேறாகப் படியும். கற்களின் இடுக்குகள் அடைபட, அங்கே வளரும் பூச்சிகளின் இளம் பருவங்கள் அழியும். அவற்றைத் தின்னும் மீன்களுக்கும் இரையில்லை. பாறையிலிருந்து அமிலம் கரைத்துவந்த அலுமினியமோ மீனின் செவுள்களில் படிந்து மூச்சை அடைக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்: அமிலம் மிகுந்த ஓடை பளிங்குபோல் தெளிந்து, உயிரே இல்லாமல் ஓடலாம்.

சுண்ணாம்புக்கல்லைக் கொட்டினால் அமிலம் குறையும். ஆனால் சீக்கிரமே கல்மேல் இரும்புச் சேறு படிந்து வேலை நின்றுவிடும். அதனால் சுண்ணாம்புக்கல்லை வாய்க்காலில் இட்டுக் காற்றுப் புகாமல் மூடி, நீரை அதன் வழியே விடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு ஃபெர்ரஸாகவே கடந்து, வெளியே குளத்தில் படியும். இதையும் வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டும். தோண்டியவர்கள் பல இடங்களில் கடையைக் கட்டிவிட்டதால் செலவு பொதுப்பணத்தின் தலையில். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் நிதி பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியாளரும் ஓர் ஓவியரும் சேர்ந்து அந்த இரும்புச் சேற்றை பெயிண்டுக்கான நிறமியாக்கியிருக்கிறார்கள். அதை விற்று வரும் பணத்தில் ஓடையைச் சுத்தம் செய்வது திட்டம்.