கொடுக்காமல் விட்ட மதிப்பைப் பைத்தான் எங்கிருந்து எடுக்கிறது?

பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டு) எழுதி ஓட ஆரம்பித்த பிறகுதான் அதற்கு இன்னொரு தகவலும் வேண்டும் என்பது தெரியவரும். அதற்குள் பல ஃபைல்களிலிருந்து அதை அழைத்திருப்போம். அத்தனை இடத்தையும் தேடித் திருத்த வேண்டியதில்லை. "கொடுத்தால் வாங்கிக்கொள், கொடுக்காவிட்டால் இதை வைத்துக்கொள்" என்று ஃபங்ஷனின் தலைவரியிலேயே எழுதிவிடப் பைத்தான் இடம் தருகிறது. ஒரு சமக்குறி போதும். அந்தச் சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பது எப்போது கணக்கிடப்படுகிறது, எங்கே வைக்கப்படுகிறது என்று தெரியாமல் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது.

கீழே வரும் நிரல்களில் பைத்தானின் சொந்தச் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். மாறி, ஃபங்ஷன், பாராமீட்டர் (ஃபங்ஷன் வாங்கும் மதிப்புக்கான பெயர்) இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதைப் பைத்தான் 3 அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

டெஃப் பில்(தொகை, வரி=18, தள்ளுபடி=0):
    நிகரம் = தொகை - தள்ளுபடி
    ரிட்டர்ன் நிகரம் + நிகரம் * வரி / 100

பில்(1000) என்றால் 1180.0 வரும். பில்(1000, 5) என்றால் 1050.0. வரியை விட்டுவிட்டுத் தள்ளுபடியை மட்டும் கொடுக்க வேண்டுமானால் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்: பில்(1000, தள்ளுபடி=100), விடை 1062.0.

அழைப்பு வந்ததும் பைத்தான் முதலில் பெயரில்லாமல் வந்த மதிப்புகளை இடமிருந்து வலமாக வரிசைப்படி உட்கார வைக்கும். பிறகு பெயரோடு வந்தவற்றை அந்தந்தப் பெயருள்ள இடத்தில் வைக்கும். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் டைப்எரர் என்ற பிழை எழும்; பில்(1000, 5, வரி=12) இப்படித்தான் விழும். கடைசியில் இன்னும் காலியாக இருக்கும் இடங்களுக்கு மட்டும் டிஃபால்ட் மதிப்பை, அதாவது தலைவரியில் சமக்குறிக்குப் பின் எழுதியதை, தேடும். அதுவும் இல்லையென்றால் மறுபடி டைப்எரர்.

அந்த டிஃபால்ட் மதிப்புகள் இருக்கும் இடத்தை நேரிலேயே பார்க்கலாம். பில்.__டிஃபால்ட்ஸ்__ என்று கேட்டால் (18, 0) என்று ஒரு டூப்பிள் (மாற்ற முடியாத வரிசை) வரும். பெயர்கள் அதில் இல்லை, மதிப்புகள் மட்டுமே. பாராமீட்டர் வரிசையின் வலக்கடைசியோடு இந்த டூப்பிளின் வலக்கடைசியைப் பொருத்தித்தான் எது எதற்கு என்று பைத்தான் முடிவு செய்கிறது. டிஃபால்ட் உள்ள பாராமீட்டருக்குப் பின்னால் டிஃபால்ட் இல்லாத ஒன்றை எழுதினால் சின்டாக்ஸ் எரர் வருவதும் இதோடு ஒட்டியதுதான்: நடுவில் ஓட்டை விழுந்தால் வலமிருந்து எண்ணும் கணக்கு நிற்காது.

இந்த டூப்பிள் எப்போது உருவாகிறது? டெஃப் என்பது வெறும் அறிவிப்பு அல்ல, ஓடக்கூடிய கட்டளை. நிரல் ஓடிக்கொண்டே வந்து அந்த வரியைத் தொடும்போது சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதை ஒரே ஒரு தடவை கணக்கிட்டு, ஃபங்ஷனோடு கட்டி வைத்துவிடுகிறது. பிறகு ஆயிரம் முறை அழைத்தாலும் அதே பொருளைத்தான் எடுத்து நீட்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிப் புதிர்களில் பெரும்பாலானவை அவிழ்ந்துவிடும்.

டெஃப் சேர்(பொருள், பட்டியல்=[]):
    பட்டியல்.அப்பெண்ட்(பொருள்)
    ரிட்டர்ன் பட்டியல்

சேர்("அரிசி") என்றால் ['அரிசி'] வரும். அடுத்து சேர்("பருப்பு") என்றால் ['அரிசி', 'பருப்பு'] வரும். டெஃப் ஓடியபோது பிறந்த அந்த ஒரே லிஸ்ட்தான் இரண்டு அழைப்பிலும் கைமாறுகிறது. 18, 0 போன்ற எண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணை உள்ளிருந்து மாற்ற முடியாது; வரி = வரி + 2 என்று எழுதினாலும் உள்ளூர் மாறி வேறொரு எண்ணைச் சுட்டத் தொடங்குகிறதே தவிர, டூப்பிளில் உள்ள 18 அப்படியே இருக்கும். லிஸ்ட், டிக்ஷனரி, செட் போல உள்ளிருந்து மாற்றக்கூடிய பொருள்கள்தான் மாட்டும்.

சின்ன நிரலில் இது உடனே கண்ணில் படும். வெப் சர்வரில் அப்படியில்லை. ஒரே பிராசஸ் நாள்கணக்கில் ஓடிப் பலருடைய கோரிக்கைகளையும் கவனிப்பதால், ஒருவருடைய பொருள் இன்னொருவருடைய பட்டியலில் போய் உட்காரும். டெஸ்ட்களில் வேறு விதமாகத் தலைகாட்டும்: தனியாக ஓட்டினால் பாஸ், எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் ஃபெயில். அந்த மாதிரி டெஸ்ட் கண்ணில் பட்டால் முதலில் தேட வேண்டியது தலைவரியில் ஒரு சதுர அடைப்புக்குறி இருக்கிறதா என்றுதான். தரவை வைக்கும் வகுப்புகளைச் சுருக்கமாக எழுத உதவும் டேட்டாகிளாஸில் இந்தப் பொறியைக் கருதித்தான் லிஸ்ட்டை நேரடி டிஃபால்ட்டாகக் கொடுத்தால் வேல்யூஎரர் எழுப்பித் தடுக்கிறார்கள். சாதாரண ஃபங்ஷனுக்கு அந்தக் காவல் கிடையாது.

இதே குடும்பத்தில் இன்னொன்று: பதிவு(செய்தி, நேரம்=டேட்டைம்.நௌ()). லாக் ஃபைலின் எல்லா வரியிலும் ஒரே நேரம் இருக்கும், நிரல் தொடங்கிய நேரம்.

மாற்று எளிது. டிஃபால்ட்டாக நன் ("எதுவும் இல்லை" என்பதைக் குறிக்கும் பைத்தானின் மதிப்பு) வைத்துவிட்டு, உள்ளே போன பிறகு உண்மையான மதிப்பை உருவாக்க வேண்டும்.

டெஃப் சேர்(பொருள், பட்டியல்=நன்):
    இஃப் பட்டியல் இஸ் நன்:
        பட்டியல் = []
    பட்டியல்.அப்பெண்ட்(பொருள்)
    ரிட்டர்ன் பட்டியல்

பைத்தானில் கூடவே வரும் பிரிண்ட்டும் இதைத்தான் செய்கிறது. அதன் ஃபைல் பாராமீட்டருக்கு டிஃபால்ட் நன்; அழைக்கும் நொடியில் சிஸ்.எஸ்டிடிஅவுட் (நிரலின் வழக்கமான வெளியீட்டு இடம்) எதுவோ அதில் எழுதும். இடையில் வெளியீட்டை வேறு ஃபைலுக்குத் திருப்பிவிட்டாலும் பிரிண்ட் அங்கேயே போவது இதனால்தான்.

இரண்டு வரியை ஒரே வரியாக்கலாமே என்று பட்டியல் = பட்டியல் ஆர் [] என்று எழுதுபவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. ஆர், இடப்பக்கம் பொய்யாக இருந்தால் வலப்பக்கத்தை எடுக்கும்; காலியான லிஸ்ட்டும் பைத்தானுக்குப் பொய்க்கணக்குதான். கடை = [] என்று வைத்துக்கொண்டு சேர்("அரிசி", கடை) என்று அழைத்தவர், கடையில் அரிசி இருக்கும் என்று நம்பியிருப்பார். உள்ளே ஆர் அதைக் காலி என்று ஒதுக்கிவிட்டுப் புது லிஸ்ட்டில் சேர்த்திருக்கும். கடை காலியாகவே நிற்கும். எண்ணில் இது பணத்தையே தொடும்: தள்ளுபடி = தள்ளுபடி ஆர் 10 என்று எழுதினால், "தள்ளுபடி வேண்டாம்" என்று 0 கொடுத்தவருக்கும் 10 கழியும். இஸ் நன் என்று முழுதாகக் கேட்பதே சரி.

நன் என்பதே அர்த்தமுள்ள மதிப்பாக இருந்தால்? வாடிக்கையாளர் விவரத்தைத் திருத்தும் ஃபங்ஷனில் தொலைபேசி=நன் என்றால் "எண்ணை அழித்துவிடு" என்று பொருள்; எதுவும் கொடுக்காவிட்டால் "இருப்பதைத் தொடாதே" என்று பொருள். இரண்டையும் நன் ஒன்றால் பிரிக்க முடியாது. வேறு யாரிடமும் இருக்க முடியாத ஓர் அடையாளப் பொருள் வேண்டும்.

_தரவில்லை = ஆப்ஜெக்ட்()

டெஃப் திருத்து(பதிவு, தொலைபேசி=_தரவில்லை):
    இஃப் தொலைபேசி இஸ் நாட் _தரவில்லை:
        பதிவு["தொலைபேசி"] = தொலைபேசி

ஒப்பிடுவது, இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்கும் இஸ் கொண்டுதான் இருக்க வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பொருளை பிக்கிள் செய்து (பைட்டுகளாக மாற்றி) இன்னொரு பிராசஸுக்கு அனுப்பினால் அங்கே புதிதாக வேறொரு பொருள் பிறக்கும், இஸ் ஒப்பீடு தோற்றுப்போகும். மல்டிபிராசசிங் (பல பிராசஸ்களில் ஓட்டுவது) இருக்கும் இடத்தில் ஈனம் எனப்படும், பெயரிட்ட மாறிலிகளின் தொகுப்பிலுள்ள உறுப்பு ஒன்றை அடையாளமாக வைப்பது பாதுகாப்பு. அது எங்கே போய்த் திறந்தாலும் அதே உறுப்பாகவே இருக்கும்.

எல்லா மொழியும் பைத்தான் வழியில் போகவில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015-இல் வந்த டிஃபால்ட் பாராமீட்டர் ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகக் கணக்கிடப்படும், ரூபியும் அப்படித்தான். அங்கே காலி லிஸ்ட் வைத்தால் தொல்லை இல்லை. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் அன்டிஃபைண்ட் (மதிப்பே தரப்படவில்லை) வந்தால்தான் டிஃபால்ட் வேலை செய்யும், நல் (வேண்டுமென்றே வைத்த வெற்று மதிப்பு) வந்தால் செய்யாது.

பைத்தானின் "ஒரே தடவை" கைகொடுக்கும் இடமும் உண்டு. லூப்புக்குள் பத்து பட்டன் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் லாம்ப்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) கொண்டு லாம்ப்டா: காட்டு(எண்) என்று கொடுத்தால், எதை அழுத்தினாலும் கடைசி எண்ணே வரும். எண் என்ற பெயர் அழுத்தும் நேரத்தில்தான் தேடப்படுகிறது; அதற்குள் லூப் முடிந்திருக்கும். லாம்ப்டா எண்=எண்: காட்டு(எண்) என்று மாற்றினால் அந்தந்தச் சுற்றின் எண் டிஃபால்ட்டாக உறைந்து நிற்கும். ஜன்னல், பட்டன் உருவாக்கும் பைத்தான் தொகுப்பான டிகேஇன்டரில் கமாண்ட் மூலம் கொடுக்கும்போது இது சரியாக ஓடும். அதையே பைண்ட் மூலம் கொடுத்தால் நிகழ்வுப் பொருள் முதல் மதிப்பாக வந்து எண்ணின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே லாம்ப்டா நிகழ்வு, எண்=எண்: என்றுதான் தொடங்க வேண்டும்.

எத்தனை மதிப்பு வரும் என்றே தெரியாத இடத்துக்கு நட்சத்திரக் குறி. கூட்டு(*எண்கள்) என்றால் பெயரில்லாமல் வந்தவை எல்லாம் ஒரு டூப்பிளாகச் சேரும். இரட்டை நட்சத்திரம் பெயரோடு வந்தவற்றை டிக்ஷனரியாகச் சேர்க்கும், பைத்தான் 3.6 முதல் கொடுத்த வரிசை மாறாமல் இருக்கும். அழைப்பில் இதே குறிகள் எதிர்வேலை செய்யும்: கையில் உள்ள லிஸ்ட்டைப் பிரித்துப் போடும். 3.7-க்கு முன்பு வரை ஓர் அழைப்பில் நேரடியாக 255-க்கு மேல் மதிப்புகள் எழுத முடியாது என்ற வரம்பும் இருந்தது. அதில் இடித்துக்கொண்டவர்கள் அநேகமாக நிரலை நிரலால் எழுத வைத்தவர்கள்தான்.

இரட்டை நட்சத்திரம் வசதியானது, வசதிக்கு விலையும் உண்டு. டெஃப் பில்(தொகை, **மற்றவை) என்று எழுதி, உள்ளே மற்றவை.கெட்("தள்ளுபடி", 0) என்று எடுக்கும்போது, அழைத்தவர் ஒரு புள்ளியை விட்டுத் "தளளுபடி" என்று தட்டியிருந்தால் எந்த எரரும் வராது. தள்ளுபடி 0 ஆகிவிடும், பில் மட்டும் கூடும். கெட்டுக்குப் பதில், எடுத்ததை நீக்கியும்விடும் பாப் கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, கடைசியில் மற்றவை காலியாக இல்லாவிட்டால் டைப்எரர் எழுப்புவது நல்ல வழக்கம்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. "தொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. நிரலில் உள்ள பெயர்களைப் பைத்தான் என்எஃப்கேசி என்ற யூனிகோட் முறைப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தை அது தொடாது. ஆகவே தொலைபேசி=... என்று அழைத்ததை, வேறெங்கிருந்தோ ஒட்டிய "தொலைபேசி" என்ற சரத்தால் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஃபைலிலிருந்து படித்த டிக்ஷனரியை ** போட்டு அனுப்பும்போதும் இதே கதை. சாவிகளை முதலில் யூனிகோட்டேட்டா.நார்மலைஸ் வழியே அனுப்பிவிட்டால் தீர்ந்தது.

பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியும். பைத்தான் 3.0 முதல், தனி நட்சத்திரத்துக்குப் பின்னால் வரும் பாராமீட்டர்கள் பெயரோடு மட்டுமே வரலாம். 2019-இல் வந்த 3.8 முதல், சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பவை பெயரில்லாமல் மட்டுமே வரலாம். இரண்டும் ஒன்றாக இருக்கும் நல்ல மாதிரி, வரிசைப்படுத்தும் சார்ட்டட்:

சார்ட்டட்(தொடர், /, *, கீ=நன், ரிவர்ஸ்=ஃபால்ஸ்)

சார்ட்டட்(மதிப்பெண்கள், ட்ரூ) என்று எழுத விடாததால், படிப்பவர் அந்த ட்ரூ எதற்கு என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. சாய்கோடு தரும் நன்மை எழுதுபவருக்கு: தொடர் என்ற பெயரை நாளை மாற்றினாலும் யாருடைய நிரலும் உடையாது. சாய்கோடு இல்லாத ஃபங்ஷனில் பாராமீட்டரின் பெயரும் வெளியுலகுக்குக் கொடுத்த வாக்குதான்.

பழைய ஃபங்ஷனில் புதுப் பாராமீட்டர் சேர்க்கும்போது நட்சத்திரத்துக்குப் பின்னால், பழைய நடத்தையைக் காப்பாற்றும் டிஃபால்ட்டோடு சேர்ப்பது நல்லது. நடுவில் செருகினால் வரிசையை நம்பி அழைத்தவர்களின் மதிப்புகள் ஓர் இடம் தள்ளிப்போகும். டிஃபால்ட்டையே மாற்றுவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் எரரே வராமல் விடை மட்டும் மாறும். ஃபைலைத் திறக்கும் ஓப்பன் ஃபங்ஷனின் என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) இதற்கு நேரடி உதாரணம். அது நன் ஆக இருந்தால் இயங்குதளத்தின் அமைப்பைப் பின்பற்றும். மேற்கத்திய அமைப்புள்ள விண்டோஸில் அது பெரும்பாலும் கோட்பேஜ் 1252 என்ற, தமிழ் எழுத்துகள் இல்லாத பழைய முறை. தமிழை எழுதப் போனால் யூனிகோட்என்கோட்எரர். லினக்ஸில் அதே வரி சிக்கலின்றி ஓடும். 2021-இல் வந்த 3.10, விரும்பினால் இதற்கு எச்சரிக்கை காட்டும் வசதியைச் சேர்த்தது. 3.15 முதல் டிஃபால்ட்டையே யூடிஎஃப்-8 ஆக்குவது என்று பெப் 686 (பைத்தானின் மாற்ற முன்மொழிவு ஆவணம்) முடிவு செய்தது. எந்தப் பதிப்பில் ஓடும் என்று தெரியாத நிரலில் என்கோடிங்="யூடிஎஃப்-8" என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.