நகலெடுத்த டிஎன்ஏ சரியாகச் சுருளாதபோது: நீடித்த இரத்தசோகையின் அரிய காரணம் ஒன்று

காரணம் பிடிபடாத இரத்தசோகைக்காக ஆய்வகத்துக்கு வரும் எலும்பு மஜ்ஜை மாதிரிகளில், மிக அரிதாக, ஒரு காட்சி எங்கள் கண்ணை நிறுத்திவிடும். சிவப்பணுக்களாக முதிர வேண்டிய இரண்டு இளஞ்செல்கள் பிரிந்த பின்னும், அவற்றின் உட்கருக்கள் குரோமாட்டினால் (டிஎன்ஏவும் அதைச் சுருட்டி வைக்கும் புரதங்களும் சேர்ந்த பொருள்) ஆன மெல்லிய இழையொன்றால் இணைந்தே கிடக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், அடர்ந்திருக்க வேண்டிய குரோமாட்டின் கடற்பஞ்சைப் போலத் துளைதுளையாகத் தெரியும். சிவப்பணு உற்பத்தி பிறவியிலேயே பிசகும் நோயான பிறவி டிஸ்எரித்ரோபாய்டிக் இரத்தசோகையின் முதல் வகைக்கு உரிய அடையாளம் இது.

இதைப் புரிந்துகொள்ள, செல் தன் டிஎன்ஏவை எப்படிச் சுருட்டி வைக்கிறது என்று பார்க்க வேண்டும். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஒரு திரளின் மீது டிஎன்ஏ ஏணியின் படிகளான கார இணைகள் 147 ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றியிருப்பதே நியூக்ளியோசோம். செல் பிரிவதற்கு முன் டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது இவை கலைகின்றன. கலைந்த பழைய எச்3, எச்4 வகை ஹிஸ்டோன்கள், எந்த மரபணு செயல்படாமல் இருக்க வேண்டும் என்பது போன்ற வேதிக் குறிகளைச் சுமந்தபடியே இரு புதிய பிரதிகளுக்கும் பகிரப்படுகின்றன. ஆனால் ஒன்றுக்கு இருந்தது இரண்டுக்குப் போதாது என்பதால், மீதியைப் புதிய ஹிஸ்டோன்கள்தான் நிரப்ப வேண்டும். நேர்மின்னூட்டம் கொண்ட ஹிஸ்டோன்கள் காவலின்றி விடப்பட்டால் டிஎன்ஏவில் கண்டபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஏஎஸ்எஃப்1 என்ற துணைப்புரதம் புதிய எச்3-எச்4 இணையை ஏந்திச் சென்று, 1989-இல் புரூஸ் ஸ்டில்மனின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட காஃப்-1 என்ற புரதக் கூட்டிடம் ஒப்படைக்கிறது. புதிதாக நகலான டிஎன்ஏவைச் சூழ்ந்திருக்கும் பிசிஎன்ஏ என்ற புரத வளையத்தைக் காஃப்-1 பற்றிக்கொள்வதால், புதிய ஹிஸ்டோன்கள் தேவையான இடத்திலேயே இறங்குகின்றன. மற்ற இரு வகை ஹிஸ்டோன்களான எச்2ஏ, எச்2பி பின்னர் வந்து சேரும்.

மேற்சொன்ன நோயில் பெரும்பாலும் பழுதாவது, 2002-இல் இனங்காணப்பட்ட சிடிஏஎன்1 மரபணு. அதன் புரதமான கோடானின்-1, ஏஎஸ்எஃப்1-ஐப் பிடித்து வைத்து அதன் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று அறியும்போது, பஞ்சுபோன்ற அந்த உட்கரு எனக்கு வெறும் விநோதமாகத் தோன்றுவதில்லை.

நடைமுறையில் இந்நோயைத் தவறவிடுவது எளிது. சிவப்பணுக்கள் பெரிதாக இருப்பதால் பி12 குறைபாடென்றும், மஞ்சட்காமாலையும் மண்ணீரல் வீக்கமும் இருப்பதால் சிவப்பணுச் சிதைவு நோயென்றும் பலர் ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெறுகிறார்கள். இரத்தசோகையின் கடுமைக்கு ஏற்ற அளவில் ரெட்டிகுலோசைட்டுகள் (இரத்தத்தில் புதிதாக வரும் இளஞ்சிவப்பணுக்கள்) உயரவில்லையென்றால், குறை மஜ்ஜைக்குள் இருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். நான் மிகவும் அஞ்சுவது, பரிசோதிக்காமல் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளைத்தான்; வீணாகும் சிவப்பணு உற்பத்தி இரும்பு உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் ஹார்மோனை அடக்கிவிடுவதால், இரத்தமே ஏற்றப்படாத நோயாளியின் குடலும் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சுகிறது, அது கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. எனவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்த பிறகே மாத்திரையை முடிவு செய்ய வேண்டும்.

சிலருக்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற மருந்து நல்ல பலன் தருகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்நோய் தோன்றும் என்பதால், கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் இது வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அவர்கள் நலமாகத் தெரிந்தாலும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.