தடை அடிக்குத்தான், கண்டிப்புக்கு இல்லை: குழந்தை உரிமை உடன்படிக்கை சொல்வது என்ன?

"அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள், இனி பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்க முடியாது." பெற்றோரும் ஆசிரியர்களும் இப்படி அலுத்துக்கொள்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளை தறிகெட்டுப் போய்விடக் கூடாதே என்ற கவலையில் வரும் பேச்சு இது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் விதியைப் பொறுமையாகப் படித்தால், அவர்கள் பயப்படுவது அதில் எங்கேயும் இல்லை.

இந்த விதிகளுக்கெல்லாம் வேர், ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. இலங்கையில் சிறுவர் உரிமைகள் சமவாயம் என்பார்கள். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை இதை ஏற்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1991லும் இந்தியா 1992லும் இதில் சேர்ந்தன. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்கா மட்டும்தான் இன்னும் இதை உறுதிப்படுத்தவில்லை.

குழந்தையைத் திருத்துவது பற்றி இதில் மூன்று பிரிவுகள் முக்கியமானவை. உடல், மனம் இரண்டுக்கும் எதிரான எல்லா வன்முறையிலிருந்தும் குழந்தையைக் காக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. பெற்றோரின் பொறுப்பில் இருக்கும்போதும் இது பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பள்ளியின் ஒழுங்குமுறை குழந்தையின் கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது பிரிவு 28இன் இரண்டாம் உட்பிரிவு. கொடூரமான, இழிவுபடுத்தும் தண்டனை எந்தக் குழந்தைக்கும் கூடாது என்கிறது பிரிவு 37.

சரி, எது உடல் தண்டனை? இதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். "லேசாக ஒரு தட்டு தட்டினால் அது அடியா?" என்று கேட்பார்கள். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழந்தை உரிமைக் குழு 2006இல் வெளியிட்ட 8ஆம் எண் பொதுக் கருத்துரையில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. வலியோ சிரமமோ கொடுக்கும் எண்ணத்தோடு உடல்பலத்தைப் பயன்படுத்தும் எந்தத் தண்டனையும், எவ்வளவு லேசானதாக இருந்தாலும், உடல் தண்டனைதான். கையால் அடிப்பது, பிரம்பு, பெல்ட், செருப்பு எடுப்பது மட்டும் இல்லை. கிள்ளுவது, முடியைப் பிடித்து இழுப்பது, பிடித்து உலுக்குவது, வலிக்கும் நிலையில் நெடுநேரம் நிற்கவோ உட்காரவோ வைப்பது, வாயைச் சோப்பால் கழுவுவது, காரத்தை விழுங்க வைப்பது எல்லாம் அதில் வருகின்றன. முட்டிபோட வைத்தது அடித்ததாகாது என்ற சமாதானம் செல்லாது.

கை படாத தண்டனைகளும் இருக்கின்றன. எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுவது, கேலி செய்வது, மிரட்டுவது, யாரோ செய்த தப்புக்கு ஒரு பிள்ளையைப் பலியாக்குவது ஆகியவற்றையும் இழிவான தண்டனை என்றே குழு சொல்கிறது. என் கணக்கில் இவைதான் அதிக நாள் நிற்பவை. பிரம்பின் தடம் மறைந்த பிறகும், நாற்பது பேர் நடுவில் கேட்ட ஒரு சொல்லை வயதான காலத்திலும் சொல்லிக் கலங்குகிறவர்களைப் பார்க்கிறோமே.

இனி, விதி எதைத் தடுக்கவில்லை என்று பார்ப்போம். ஒழுக்கம் கற்பிப்பதைத் தான் மறுக்கவில்லை என்று அதே கருத்துரை தெளிவாகச் சொல்கிறது. குழந்தையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப வழிகாட்டுவது பெற்றோரின் உரிமை, பொறுப்பு, கடமை என்று உடன்படிக்கையின் 5ஆம் பிரிவே ஏற்கிறது. சாலையில் ஓடப்போகும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுக்கலாம். அடுப்பை நோக்கிப் போகும் கையைத் தட்டிவிடலாம். அது பாதுகாப்பு. தேவையான அளவு பலத்தை, தேவையான நேரம் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதே நிபந்தனை. இழுத்துக் காப்பாற்றிய பிறகு கோபத்தில் முதுகில் ஒன்று வைக்கிறோமே, அங்கேதான் அது தண்டனையாகிறது.

உறுதியாக "முடியாது" என்று சொல்லலாம். கொட்டியதைத் துடைக்கச் சொல்லலாம். தம்பியின் பொம்மையை உடைத்த பிள்ளையைத் தன்னால் முடிந்த அளவு ஒட்டித் தரச் சொல்லலாம். நேரம் தாண்டி விளையாடினால் நாளைய விளையாட்டு நேரத்தைக் குறைக்கலாம். அவமானமும் மிரட்டலும் கலக்காதவரை இவற்றுக்குத் தடை இல்லை. செய்த தப்புக்கும் வரும் விளைவுக்கும் தொடர்பு இருப்பதால் பிள்ளைக்கு விஷயம் புரிகிறது. பொய் சொன்னதற்கு அடி வாங்கிய பிள்ளை, பெரும்பாலும் அடுத்த முறை பொய்யை இன்னும் கவனமாகச் சொல்லத்தான் பழகும். அடித்தவர் அருகில் இருக்கும்வரை ஒழுங்காக இருப்பதும், சரி தப்பு தெரிந்து ஒழுங்காக இருப்பதும் ஒன்றாகாது.

"அப்படியானால் பெற்றோரை ஜெயிலில் போடுவார்களா?" என்பது அடுத்த பயம். ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் வழக்குப் போடுவது விதியின் நோக்கமில்லை என்றும், பெற்றோர்மேல் வழக்குத் தொடுப்பது பெரும்பாலும் குழந்தைக்கு நன்மை தராது என்றும் குழுவே எழுதியிருக்கிறது. கடுமையான தீங்கு நடந்தால் சட்டம் தலையிட வேண்டும். மற்ற இடங்களில் ஆதரவும் விளக்கமும்தான் முதல் வழி. வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று 1979இல் உலகிலேயே முதன்முதலாகச் சட்டம் இயற்றிய சுவீடன் அப்படித்தான் செய்தது. அந்தச் சட்டப்பிரிவில் தனித் தண்டனை எதுவும் எழுதவில்லை. குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு விளக்கப் புத்தகம் அனுப்பினார்கள், பால் பாக்கெட்டிலேயே செய்தி அச்சிட்டார்கள். காலையில் மேசையில் பால் வைக்கும்போது பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து அதைப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

அப்புறம் 60க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வழியில் வந்துவிட்டன. ஜெர்மனி 2000இல், வன்முறையில்லாத வளர்ப்பு குழந்தையின் உரிமை என்று சட்டத்தில் எழுதியது. தெற்காசியாவில் முதலில் முழுத் தடை கொண்டுவந்தது நேபாளம், 2018இல். எல்லா நாட்டிலும் நிலைமை இப்படி இல்லை. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளுக்குப் பிரம்படி கொடுக்க விதி இடம் தருகிறது. ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறுபவர்மேல் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 82ஆம் பிரிவு இருக்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் 10,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் 3 மாதம் வரை சிறையும் உண்டு. வீட்டுக்குள் அடிப்பதை வெளிப்படையாகத் தடுக்கும் தனிச் சட்டம் மட்டும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்பது என் கருத்து.

பள்ளியில் அடித்தார்கள் என்று பிள்ளை சொன்னால், "நீ என்ன பண்ணினே?" என்று ஆரம்பிக்காதீர்கள். சொல்வதை முழுதாகக் கேளுங்கள். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் பேச்சு கேட்கப்பட வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். இந்தியாவில் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அதே கல்விச் சட்டத்தின் 32ஆம் பிரிவு. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். அவசரம் என்றால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது. அந்த எண்ணைப் பிள்ளைகளே கூப்பிடலாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.