கேரக்டர் ஷீட் நிரம்பிய பிறகு ‘முடியாது’ என்று சொல்லாதீர்கள்

போன வாரமும் என்னிடம் ஒரு பிளேயர் வந்தார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்; கேம் மாஸ்டர் விவரிக்கிற ஓர் உலகத்தில், ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்துகிற ஆட்டம் அது. வேறொரு டேபிளுக்காக, அதாவது வேறொரு குழுவோடு ஆட, பெயர், ஊர், பேசுகிற தோரணை என்று எல்லாம் யோசித்து, இரண்டு பக்கம் பேக்ஸ்டோரியோடு (முன்கதையோடு) ஒரு வார்லாக், அதாவது பெரிய சக்தி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெற்றவன், செய்துகொண்டு போயிருக்கிறார். முதல் செஷனில் உட்கார்ந்த பிறகுதான் அங்கே கேம் மாஸ்டர், “இந்த உலகத்தில் வார்லாக் கிடையாது, ஃபைட்டரா மாத்திக்கோ” என்றாராம். மாற்றிக்கொண்டு, அன்று முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டார். காசு வாங்கிக் கேம் நடத்துகிற தொழில் என்னுடையது. இப்படி மனம் வெறுத்து வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன், இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வார்லாக் வேண்டாம் என்பது கேம் மாஸ்டரின் உரிமை. அதை கேரக்டர் பிறப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டுப் பார்த்ததில் அந்த பிளேயருக்கு மந்திரத்தின்மேல் பெரிய ஆசையே இல்லை. தீராத கடனுக்காக ஓர் எஜமானிடம் மாட்டிக்கொண்டவனாக ஆடத்தான் ஆசை. அதை மந்திரமில்லாத சண்டைக்காரனான ஃபைட்டரை வைத்தே செய்திருக்கலாம். என்ன ஆசை என்று அங்கே அவரைக் கேட்க ஆள் இல்லை.

‘கேம் மாஸ்டர் சொல்வதே இறுதி’ என்கிறார்கள். எதில் இறுதி? 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்று சிறு புத்தகங்கள்தான். அவற்றில் சொல்லாமல் விட்டது ஏராளம். இந்தக் கதவு உடையுமா, காவலாளிக்குக் காலடிச் சத்தம் கேட்குமா என்று ஒருவர் முடிவு சொல்லாமல் ஆட்டம் நகராது. அதிகாரம் இருப்பது இதற்கு. அந்த உலகத்தில் வருகிற ராஜா, கடவுள், மழை, திருடன், டிராகன் எல்லாமே கேம் மாஸ்டர் கையில். பிளேயருக்கு இருப்பது ஒரே ஒரு ஆள். அவன் எதற்குப் பயப்படுவான், யாரை நம்புவான், ஏன் வீட்டை விட்டு வந்தான் என்பதையும் நீங்களே தீர்மானித்தால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பகடை உருட்டுவதைத் தவிர என்ன வேலை மிச்சம்?

இதிலேயே ரொம்ப மோசமானது, “குழுவுக்கு ஹீலர் இல்லை, நீ கிளெரிக் எடு” என்று புதிதாக வந்தவர் தலையில் கட்டுவது. ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், காயம் ஆற்றுகிற பூசாரியான கிளெரிக் இல்லாமல் தாராளமாக ஆடலாம். பார்ட், ட்ரூயிட், பாலடின் என்ற மற்ற வகைக் கேரக்டர்கள் எல்லோராலும் காயம் ஆற்ற முடியும். குணமாக்கும் மருந்து ஒரு குப்பி 50 பொற்காசு. ஒரு மணி நேர ஓய்விலேயே ஹிட் டைஸ் என்கிற பகடைகளை உருட்டி உயிர்ப்புள்ளி ஏற்றிக்கொள்ளலாம். பிடிக்காத கிளாஸை (கேரக்டரின் தொழில் வகையை) ஒருவர்மேல் திணிக்க இந்தக் காரணம் போதாது.

பிளேயர்களும் கேளுங்கள். ‘புத்தகத்தில் இருக்கு’ என்பதால் மட்டும் எல்லாம் உங்களுக்குக் கிடைத்துவிடாது. ஐந்தாம் பதிப்பின் 2014 ரூல்புக்கில் மல்டிகிளாஸும் (ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸ்) ஃபீட்டும் (தனித் திறமை) விருப்ப விதிகள், கேம் மாஸ்டர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. முதல் லெவலிலேயே பறக்கிற இனம் கேட்கிறீர்கள், கையில் லாங்போ (நீள வில்) வேறு. 150 அடி உயரத்திலிருந்து நீங்கள் அம்பு விட்டால், கீழே நிற்கிற ஆர்க் என்ற எதிரியின் ஜாவலின் (எறியீட்டி) 120 அடிக்கு மேல் போகாது. மற்ற மூன்று பிளேயர்கள் என்ன செய்வார்கள்? அப்புறம், ‘யாரையும் நம்பாத, யாரோடும் சேராத’ அநாதைக் கொலையாளி தயவுசெய்து வேண்டாம். இது கூட்டாக ஆடுகிற ஆட்டம். இந்தக் குழுவோடு போக ஒரு காரணம் உள்ள ஆளைக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.

கேம் மாஸ்டர்களே, கேம்பெய்ன், அதாவது பல செஷன் ஓடுகிற தொடர்கதை, தொடங்குவதற்கு முன் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற செஷன் ஜீரோ வையுங்கள். எந்தப் புத்தகங்கள் செல்லும், எந்த இனம், கிளாஸ் கிடையாது, தீய கேரக்டருக்கு இடம் உண்டா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். அதில் இல்லாத தடையை அப்புறம் கொண்டுவராதீர்கள். ஸ்டாட் (கேரக்டரின் பலம், அறிவு மாதிரியான ஆறு எண்கள்) எப்படி என்பதையும் அப்போதே சொல்லுங்கள்: 27 பாயின்ட்டைச் செலவழித்து வாங்குவதா, 15, 14, 13, 12, 10, 8 என்ற நிலையான வரிசையா, பகடையா? பகடை என்றால் எல்லோர் கண்ணெதிரே உருட்டட்டும். வீட்டில் உருட்டி 18, 17, 17 வந்தது (பகடையில் உச்சமே 18தான்) என்பவரை நம்புவதா வேண்டாமா என்று டேபிளில் சண்டை வர விடாதீர்கள்.

பேக்ஸ்டோரியில் வருகிற அம்மாவையோ தங்கையையோ கதைக்காகக் கொல்ல நினைத்தால், முன்கூட்டியே அந்த பிளேயரிடம் தனியாகக் கேளுங்கள். எந்தச் சாவு யாருக்கு எங்கே வலிக்கும் என்று நமக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.