வாசிக்க மட்டும் முடிந்த தட்டில் எழுதுவது எப்படி?

யாழ்ப்பாணத்துப் பாடசாலைக் கணினிக்கூடம் ஒன்றில், லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு ஏற்றிய பென் டிரைவால் கணினியைத் தொடங்கினால், மாணவர் கோப்பைத் திருத்தலாம், மென்பொருள் நிறுவலாம், வேண்டாததை அழிக்கலாம். ஆனால் பென் டிரைவில் இருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பு முறைமை வாசிக்க மட்டுமே முடிந்தது. அதில் ஒரு பைட்டும் மாறாது. மாற்றமெல்லாம் றாமில் உள்ள டெம்ப்எஃப்எஸ் என்ற தற்காலிகக் கோப்பு முறைமைக்குப் போகிறது. வாசிக்க மட்டும் முடிந்ததைக் கீழடுக்காகவும் எழுதக்கூடியதை மேலடுக்காகவும் வைத்து, இரண்டையும் ஒரே கோப்பு மரமாகக் காட்டுவது ஓவர்லேஎஃப்எஸ். மிக்லோஸ் செரெடி எழுதிய இது, 2014 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 3.18 கேர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையநிரலில், சேர்ந்தது.

வாசிப்பது சுலபம். கேட்ட பெயரை மேலடுக்கில் தேடும்; இல்லையென்றால் கீழடுக்கில் எடுக்கும்.

சிக்கல் எழுதும்போதுதான். கீழடுக்குக் கோப்பொன்றை எழுதுவதற்காகத் திறந்தாலே போதும், முழுக் கோப்பும் மேலடுக்குக்கு நகலாகும். 2 ஜிபி றாம் உள்ள கணினியில் டெம்ப்எஃப்எஸ் வழமையாகப் பாதியைத்தான் எடுக்கும். அங்கே 1.2 ஜிபி கோப்பைத் திருத்தத் திறந்தால், ஓர் எழுத்தும் எழுதமுன்னரே "இடமில்லை" என்று வரும்.

நகலெடுக்கும் நடுவில் கரண்ட் போனால்? மேலடுக்கு வன்றட்டில் இருந்தால் இது உண்மையான ஆபத்து. அதற்காகத்தான் ஓவர்லேஎஃப்எஸ் வொர்க்டிர் என்ற வெற்று அடைவையும் (கோப்புறையையும்) கேட்கிறது. நகல் முதலில் அங்கே முழுமையாகும், பிறகு ஒரே பெயர்மாற்றத்தில் மேலடுக்குக்கு வரும். அரைகுறைக் கோப்பு பயனர் கண்ணில் படாது. பெயர்மாற்றம் ஒரே கோப்பு முறைமைக்குள் மட்டுமே நடக்கும். ஆகவே வொர்க்டிரை வேறு பார்ட்டிஷனில் வைத்தால் மவுண்ட், அதாவது கோப்பு மரத்தில் இணைப்பது, மறுக்கப்படும்.

அழிப்பது இன்னும் நுட்பம். கீழே தொட முடியாததால், மேலடுக்கில் அதே பெயரில் 0,0 எண்கொண்ட கேரக்டர் டிவைஸ் என்ற சாதனக் கோப்பு ஒன்று, 'இது அழிக்கப்பட்டது' என்ற அடையாளமாக வைக்கப்படும். அதைக் கண்டால் கேர்னல் கீழே தேடாது. மேலடுக்கு அடைவில் கோப்புகளைப் பட்டியலிடும் "ls -l" கட்டளையைக் கொடுத்தால், வரியின் தொடக்கத்தில் "c" எழுத்துடன் அது தெரியும். எனவே கீழடுக்குக் கோப்பை அழித்தாலும் இடம் மிஞ்சாது. அடைவொன்றை அழித்துவிட்டு அதே பெயரில் திரும்ப உருவாக்கினால், பழைய உள்ளடக்கம் எட்டிப் பார்க்காமலிருக்க "ஒபேக்" என்ற நீட்டிப்புப் பண்பு (கோப்போடு சேர்த்து வைக்கும் கூடுதல் குறிப்பு) அதில் எழுதப்படும்.

இந்த அடையாளங்களை, பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபாட்32 கோப்பு முறைமை தாங்காது. அதை மேலடுக்காகக் கொடுத்தால் கேர்னல் ஏற்காது. மாற்றங்கள் பென் டிரைவிலேயே நிலைக்க வேண்டுமானால், லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பார்ட்டிஷன் ஒன்றைத் தனியாக அமைத்து, உபுண்டு 20.04 அல்லது அதற்குப் பிந்தையதானால் "ரைட்டபிள்" (writable) என்று லேபிளிட்டு, கணினி தொடங்கும்போது கேர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் "பேர்சிஸ்டென்ட்" (persistent) சேர்க்க வேண்டும்.