பாதி அப்டேட்தான் ஆபத்து

"அப்டேட் போட்டேன், லேப்டாப் எழுந்திருக்கவே மாட்டேங்குது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "முழுசாகப் போட்டீர்களா, பாதியா?" என்றுதான்.

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டுவின் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) 2 ஆண்டுக்கு ஒருமுறை வரும். இடையில் பெரும்பாலும் பிழைத் திருத்தங்கள்தான். ஆர்ச் லினக்ஸ், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்ற ரோலிங் ரிலீஸ்களில் இப்படிப் பெரிய பதிப்புகள் கிடையாது. புதிய மென்பொருள் வெளியானதும், சோதனை முடிந்து, தொடர்ச்சியாக வந்துகொண்டே இருக்கும்.

சரி, பாதி என்றால் என்ன? பல மென்பொருள்கள் ஒரே லைப்ரரியை (பொதுவான நிரல் தொகுப்பை) பகிர்ந்துகொள்கின்றன. 2022 நவம்பரில் ஆர்ச், குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.1 பதிப்பிலிருந்து 3க்கு மாறியது. அதைச் சார்ந்த அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்து ஒன்றாக வெளியிட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல்லை மட்டும் உருவி எடுத்து நிறுவினால், மற்றவை பழைய கோப்பைத் தேடித் தடுமாறும். ஆர்ச்சில் அப்டேட் போடும் கருவியான பேக்மேனும் அவற்றில் ஒன்று! மருந்துப் பெட்டியையே பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த கதைதான். "ஒரே ஒரு மென்பொருள்தானே" என்று மென்பொருள் தொகுப்புகளின் பட்டியலை மட்டும் புதுப்பித்து அதை நிறுவாதீர்கள். போட்டால் எல்லாம், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்.

இன்னொன்று, என்னிடம் அடிக்கடி வரும் புகார்: "அப்டேட்டுக்குப் பிறகு பென்டிரைவ் தெரியவில்லை." பென்டிரைவில் குறை இல்லை. புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வட்டில் இறங்கிவிட்டது, ஓடிக்கொண்டிருப்பதோ பழையது. பென்டிரைவ் போன்றவற்றை இயக்க அந்தப் பழைய கெர்னலுக்குத் தேவையான மாட்யூல் கோப்புகளை ஆர்ச் நீக்கியிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது.

புதியதெல்லாம் பாதுகாப்பானது என்றும் நம்ப வேண்டாம். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கணினிக்குள் நுழையும் திருட்டு வழி) இருப்பது அம்பலமானபோது, அவை டம்பிள்வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருந்தன. இன்னொரு லினக்ஸான டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. சர்வர்களில் நான் ரோலிங் போடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

என் லேப்டாப்பில் மட்டும் ரோலிங்தான். வாரம் ஒருமுறை, அவசர வேலை இல்லாத நேரத்தில், திட்டத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் படித்துவிட்டு அப்டேட் போடுவேன். மாதக்கணக்கில் விட்டுவிட்டால், ஆர்ச்சில் கையொப்பச் சாவித் தொகுப்பை (வரும் மென்பொருள் உண்மையானதா என்று சரிபார்க்க உதவுவது) புதுப்பித்த கையோடு மற்ற அனைத்தையும் போட்டுவிட வேண்டும். டம்பிள்வீட்டில் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இருந்தால் நிம்மதி. அப்டேட்டுக்கு முன்பே ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துவைத்திருக்கும். ஏதாவது சொதப்பினால் பூட் மெனுவில் நேற்றைய நிலையைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம்.